6 வெயிட் ஃப்ளை ராட் ஒண்டு கையில இரிக்கு, கச்சான் காலத்துல நம்மட ஆத்துல எறியலாமா?

நாவலடியான்

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, நாவலடிப் பக்கம். சின்ன வயசுல இருந்தே கைத்தங்கூசியில இறாலக் கொழுவி ஆத்துல மீன் பிடிச்சுப் பழக்கம் (எழுதக்குள்ள வாவி எண்டு எழுதுவம், வாயால சொல்றது ஆறு எண்டுதானே). என்ட அண்ணன் கனடாவில ஒண்டாரியோவில இரிக்கார், அங்க கிராண்ட் ரிவர் எண்ட ஆத்துல ட்ரௌட்டும் பாஸும் ஃப்ளை ஃபிஷிங்ல (இறகு, மயிர் கட்டின போலி இரை, அதத்தான் ஃப்ளை எண்டுற, அத எறிஞ்சு பிடிக்கிற முறை) பிடிக்கிறவர். சித்திரை வருசத்துக்கு வந்திட்டு திரும்பிப் போகக்குள்ள தன்ட 6 வெயிட் ராட் (வெயிட் எண்டது லைன்ட பாரத்தச் சொல்ற எண், கூடக் கூட பலமான தடி), ரீல், மிதக்கிற லைன், ஒரு சின்னப் பெட்டி நிறைய ஃப்ளை எல்லாத்தையும் எனக்குத் தந்திட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் கோயில் வீதியில வச்சு எறியக் காட்டித் தந்தவர், அதோட சரி.

இப்ப ஆடி மாசம். மூண்டு சனிக்கிழமை கல்லடிப் பாலத்துக்கு இங்கால கரையில நிண்டு எறிஞ்சிட்டன், காலையில 9 மணி போல போய் மத்தியானம் மட்டும், ஒண்டும் கடிக்கல்ல. கச்சான் காத்து லைனத் தூக்கி என்ட முகத்திலயே அடிக்குது, போன கிழமை ஊக்கு காதுச் சோணையில ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் எடுத்த. லைனும் ஒரு மாதிரித் தொய்ஞ்சு வளையத்துல ஒட்டுது, தள்ளினாலும் போகுதில்ல.

வீடியோவில பாக்கிறது எல்லாம் குளிர் நாட்டு ஆறு, ட்ரௌட், பாஸ். நம்மட பக்கம் இந்த வெயில்ல எந்த மீன் ஃப்ளைக்கு வரும், எங்க நிண்டு எறியணும், அண்ணன் தந்த பெட்டியில எது சரிவரும்? இன்னொண்டு, அண்ணன் சொன்னவர் ஆடி ஆவணியில தான் பகல்ல ட்ரௌட்டுக்குப் போற இல்லையாம், பாஸுக்கு மட்டும்தானாம். ஏன் எண்டு கேக்க மறந்து போச்சு. அது நமக்கும் பொருந்துமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க, இத நான் ஒழுங்காப் பழகத்தான் போறன்.


படுவான்கரையார்

தம்பி, காது எப்பிடி இரிக்கு? மொதல்ல ஒரு கண்ணாடியும் விளிம்புத் தொப்பியும் இல்லாம அந்த ராடத் தொடாதீங்க. காதுல பட்டது கண்ணுல பட்டிருந்தா?

நீங்க நிக்கிற கரையும் பிழை, போற நேரமும் பிழை. கச்சான் மேற்கால இருந்து வாற காத்து. நீங்க எழுவான்கரையில (ஆத்துட கிழக்குக் கரை) நிண்டு ஆத்தப் பாத்து எறிஞ்சா அது நேரே ஒங்கட நெஞ்சுக்குத்தான் அடிக்கும். வலையிறவுப் பாலத்தால கடந்து வவுணதீவுப் பக்கம் வாங்க, மண்முனைப் பாலத்தாலயும் வரலாம், படுவான்கரையில (மேற்குக் கரை) நிண்டா அதே காத்து முதுகுல இரிக்கும். கரை ஓரத் தண்ணி அசையாமக் கிடக்கும், பொடி மீனும் அங்கதான் ஒதுங்கி நிக்கும், அதுக்குப் பின்னால பெரிசும் வரும். முதுகுல காத்து எண்டா பின்னால எறியிற வீச்சப் பதிச்சு பலமாப் போடுங்க, முன் வீச்ச ஒசத்தி விடுங்க, மிச்சத்தக் காத்து கொண்டு போகும். வலப் பக்கத்தால அடிக்கிற காத்துலதான் ஊக்கு ஆளுக்கு வாற, அப்பிடி எண்டா நிக்கிற எடத்த மாத்துங்க, பிடிவாதம் பிடிக்காதீங்க.

நேரம் எண்டா விடியச்சாமம் எழும்பி 5.30க்கு தண்ணிக் கரையில நிக்கணும். 8.30, 9 மணிக்குப் புறகு காத்து எழும்பினா லைனச் சுத்திட்டு வீட்ட வாங்க. பின்னேரம் சில நாளைக்கு கடல் காத்து கிறுகி வரும், அப்ப மட்டும் ஒங்கட எழுவான்கரை நல்லம்.

மீன் எண்டு கேட்டா கொடுவாதான். கண்டல் வேருக்குள்ள, பழைய பாலக் கல்லுக்குள்ள, தாட்ட மரத்துக்குப் பக்கத்துல பதுங்கி நிண்டு பக்கத்தால போறத ஒரே உறிஞ்சா உறிஞ்சும். வேருக்கு ஒரு முழம் கிட்டப் போடணும், நடு ஆத்துல எறிஞ்சு கை நோகிறதுதான் மிச்சம். செப்பலியும் வரும், அது கடிச்ச ஒடனே வேருக்குள்ள போயிடும், லைன் விடக் கூடாது. கொடுவாட செவுள் மூடி பிளேட் மாதிரி வெட்டும், வாயும் அரம் போல, அதனால நுனியில ஒரு முழத்துக்கு 30 றாத்தல் தங்கூசி போடுங்க. 6 வெயிட்டால ரெண்டு கிலோ மட்டும் ஆளலாம், அதுக்கு மேல எண்டா 8 வெயிட் வேணும்.

முகத்துவாரம் இப்ப மண் மூடிக் கிடக்கும். மாரியில வெட்டி விட்டாப் புறகுதான் கடலுக்கும் ஆத்துக்கும் போக்குவரத்து. அதனால இப்ப உள்ள மீன் உள்ளுக்குள்ளயே சுத்துற மீன், ஒரு எடத்துல கண்டா அடுத்த கிழமையும் அவடத்ததான் நிக்கும். குறிச்சு வச்சுக்கொள்ளுங்க.

தண்ணிக்குள்ள எறங்கி நிண்டு எறியிற வேல வேணாம். முதலை இரிக்கு, படுவான்கரைச் சம்பு ஓரத்துல கூட இரிக்கு. வீடியோவில வெள்ளக்காரன் இடுப்பளவு தண்ணியில நிக்கிறானெண்டு நாம எறங்கப் போகாது.


கல்லாத்துப் பெடியன்

நான் பெரியகல்லாறு, இப்ப ஒண்டாரியோவில 14 வருசம். ஒங்கட அண்ணன் போற அதே கிராண்ட் ரிவர்லதான் நானும் பழகின, அதனால அந்த ட்ரௌட் கேள்விக்கு நான் பதில் சொல்றன், அது எனக்கு மனசுல கிடக்கிற விசயம்.

பெர்கஸ் எண்ட ஊருக்கு மேல ஷாண்ட் அணை இரிக்கு, 1942ல கட்டி முடிச்சது. அதுல அடித் தண்ணியத் திறந்து விடுறதால கீழ்ப் பக்கம் கொஞ்சத் தூரத்துக்கு கோடையிலயும் குளிரா ஓடும். அந்தக் குளிர நம்பித்தான் 1989ல இருந்து பிரவுன் ட்ரௌட் குஞ்சு விட்டு வாறாங்க. அதால கீழ போகப் போக தண்ணி சூடாகி, பாரிஸ், பிரான்ட்போர்ட் பக்கம் போனா ஸ்மால்மௌத் பாஸ்ட ராச்சியம். ஒரே ஆறுதான், சூடுதான் ரெண்டு மீனையும் பிரிச்சு வச்சிருக்கு.

ட்ரௌட் குளிர் மீன். தண்ணி 20 டிகிரிய நெருங்கினா அதுக்குக் கஷ்டம். ஏன் எண்டா தண்ணி சூடாக சூடாக அதுல கரையிற ஒட்சிசன் குறையும், 10 டிகிரியில ஒரு லீட்டருக்கு 11.3 மில்லிகிராம் மட்டும் கரையும், 20ல 9.1, 30ல 7.6 தான். அதே நேரம் சூட்டுல மீன்ட ஒடம்பு கூடக் கேக்கும். வரவு குறைஞ்சு செலவு கூடினாப் போல. அந்த நேரத்துல தூண்டல்ல கொழுவி அஞ்சு நிமிசம் இழுத்தா, விட்டாப் புறகு நீந்திப் போற மாதிரி இரிக்கும், கொஞ்சத்தால செத்திடும். எனக்கு மொத வருசம் ஆடி மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு நல்ல பிரவுன் ட்ரௌட், 40 செ.மீ. வரும், பிடிச்சு போட்டோ எடுத்து விட்டன், அது கல்லுக்குப் பக்கத்துல வயிறு வெள்ளையா பிரண்டு கிடந்தத நானே பாத்தன். கையில பிடிச்சு ஓட்டத்துக்கு நேரா முகத்த வச்சு கால் மணித்தியாலம் நிண்டும் எழும்பல்ல. அண்டைக்கு இருந்து பைக்குள்ள ஒரு தேர்மாமீட்டர். 20 டிகிரி எண்டா ராடக் கழட்டி வச்சிட்டு கீழ பாஸுக்குப் போயிடுவன். பாஸ் 20ல இருந்து 26, 27 மட்டும் நல்லாத் தின்னும், சூடு அதுக்குத் தோது.

அங்க கோடையில ட்ரௌட்டுக்கு எண்டா விடியக் காலம், கல்லுல மோதி நுரைச்சு ஓடுற எடம், அவடத்ததான் ஒட்சிசன் கூட. வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு மாதிரிக் கட்டின ஃப்ளை, புல்லுக் கரையால தண்ணியில விழுற பூச்சி அதுகள்தானே. பாஸுக்கு நண்டு, பொடி மீன் மாதிரி உள்ளது, பின்னேரம் எண்டா மேல மிதந்து டுப் டுப் எண்டு சத்தம் போடுற பொப்பர்.

இனி ஒங்கட விசயம். ட்ரௌட்ட மறந்திட்டு பாஸ் பிடிக்கிறவன் மாதிரி யோசிங்க, கொடுவாட பழக்கம் பாஸுக்குத்தான் கிட்ட. பெட்டியத் திறந்து கண்ணுக்கு ரெண்டு உலோகக் குண்டு வச்ச, மயிர் நீளமா உள்ள ஃப்ளை இரிக்கா எண்டு பாருங்க. அது கிளௌசர் மின்னோ. பாப் கிளௌசர் எண்டவர் 1980கள்ல பென்சில்வேனியாவில சஸ்குவஹானா ஆத்து ஸ்மால்மௌத்துக்கு எண்டு கட்டினது, இண்டைக்கு உலகத்துல உப்புத் தண்ணி மீனுக்கும் அதத்தான் எறியிறாங்க. வெள்ளையும் பச்சையும் கலந்தது எண்டா மணலைக் குஞ்சு மாதிரியே தெரியும்.

மீன் கடிச்சா ராடத் தூக்கக் கூடாது! ட்ரௌட்டுக்குத்தான் ராடத் தூக்கிற. கொடுவாக்கு ராட் நுனி தண்ணியப் பாத்தபடி இருக்க, இடக் கையால லைன வெடுக்கெண்டு இழுங்க, ஊக்கு ஏறினது கைக்குத் தெரிஞ்சாப் புறகு தூக்குங்க.

லைன் ஒட்டுறதுக்குக் காரணம் நீங்க இல்ல. அண்ணன் தந்தது குளிர் தண்ணிக்குச் செய்த லைன், நம்மட ஊர் வெயிலுக்கு அது அவிஞ்ச நூடுல்ஸ் மாதிரி ஆகிடும். வெப்ப நாட்டுக்கு எண்டு உள்ள விறைப்பான லைன் வேற விக்கிறாங்க, அண்ணன் அடுத்த முற வரக்குள்ள கொண்டு வரச் சொல்லுங்க. அது வரைக்கும் விடியக் காலத்துல மட்டும் எறியிங்க, ரீல வெயில்ல வைக்காதீங்க, துணியால லைனத் துடைங்க. ஆத்துத் தண்ணி உப்பு, வீட்ட வந்து கிணத்துத் தண்ணியால ராட், ரீல் எல்லாம் கழுவாட்டி ரெண்டு மாசத்துல ரீல் இறுகிடும்.


சம்மாந்துறைக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லாரும் உப்புத் தண்ணியையே பேசுறீங்க, அம்பாறைப் பக்கம் இவ்வளவு குளம் இரிக்கே தம்பி! 6 வெயிட்டுக்கு எண்டே செய்து வச்ச மாதிரி மீன் குளத்துலதான் இரிக்கி, விராலும் யப்பான் மீனும். யப்பான் மீன் எண்டது திலாப்பியா, 1952ல இஞ்ச கொண்டு வந்து விட்டது, இப்ப அது இல்லாத குளம் இல்ல. அது பாசி தின்னுற மீன், ஆனா சின்னப் புழு மாதிரி ஃப்ளைய அதுட மூக்குக்கு முன்னால மெல்ல விட்டா எடுக்கும். ஆடி ஆவணியில வயலுக்குத் தண்ணி திறந்து குளம் வத்திக்கிட்டுப் போகும், அப்ப மீன் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கும், கரையில நிண்டே கண்ணால பாத்து எறியலாம்.

விராலுக்கு எண்டா தாமரை இலைக்கு நடுவுல மிதக்கிற பொப்பர். அத வாங்கத் தேவல்ல, பழைய றப்பர் செருப்ப வெட்டி மினுக்கி ஊக்குல ஒட்டி, வீட்டுச் சேவல்ட கழுத்து இறகு ரெண்ட வாலாக் கட்டினாச் சரி. நான் அப்பிடித்தான் கட்டுற, என்ட வாப்பா தவளக் குஞ்சக் கொழுவிப் பிடிச்ச எடத்துல நான் செருப்புத் துண்டால பிடிக்கிறன். இலையில படாம இருக்க ஊக்குட வாய் மேல பாக்க வைங்க.

ஒரு விசயத்துல மட்டும் நான் வித்தியாசமாச் சொல்றன். விடிய விடியப் போகச் சொல்றது ஓடுற ஆத்துக்கும் காத்துப் படுற வாவிக்கும் சரி. பாசி நிறைஞ்ச குளத்துல ராத்திரி முழுக்க பாசியும் மூச்சு எடுக்கிறதால ஒட்சிசன் ஆகக் குறையிறது விடியிற நேரம்தான், யப்பான் மீன் மேல வந்து வாயத் திறந்து மூடும், தின்னாது. அதுக்கு 7, 8 மணி வெயில் பட்டாப் புறகு போங்க. விராலுக்கு இது கணக்கில்ல, அது மேல வந்து காத்தக் குடிச்சு மூச்சு விடுற மீன், எந்த நேரமும் சரி.

சிவப்பா பொடிக் குஞ்சு கூட்டமா தண்ணி மேல கொதிக்கிற மாதிரி கண்டா, அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அதுக்கு எறியாதீங்க. அந்த நேரம் அது கோவத்துல எதையும் கடிக்கும், பிடிக்கிறது லேசு, ஆனா பிடிச்சா அந்தக் குஞ்சு முழுக்க அண்டைக்கே மத்த மீனுக்குச் சாப்பாடு. கெஞ்சிக் கேக்கிறன், அத மட்டும் செய்யாதீங்க.

சேனாநாயக்க சமுத்திரம் எண்டு ஆசப்பட்டு இங்கினியாகலைக்கு ராடோட போயிடாதீங்க, அது கல்லோயா தேசிய பூங்காவச் சேர்ந்தது, வனசீவராசிகள் திணைக்களத்துட அனுமதி இல்லாம உள்ளுக்குப் போக ஏலா. மத்தக் குளத்துலயும் பின்னேரம் 5 மணிக்கு மேல நிக்காதீங்க, யானை தண்ணிக்கு எறங்கும்.


வாகரைப் புள்ள

எங்கட அப்பா 40 வருசமா தோணியில போறவர். நான் ஒரு கேள்வி கேக்கிறன், யாரும் கோவிக்க வேணா. பிடிச்ச மீன ஏன் விடணும்? சாப்பிடத்தானே பிடிக்கிற. விளையாட்டுக்கு ஊக்கால குத்தி, இழுத்து, போட்டோ எடுத்திட்டு விடுறது எனக்கு மனசுக்கு ஒத்து வரல்ல. ஆத்துல எங்கட ஆக்கள்ட வலை கிடக்கும், விடியக் காலம் அதுக்கு மேலால லைன் எறிஞ்சு ஊக்கு கொழுவினா வலை கிழியும், ஒரு கண்ணி அறுந்தாலும் அண்டைய உழைப்பு போச்சு. மிதப்புக் கட்டை கண்டா அந்தப் பக்கமே எறியாதீங்க, தோணிக்காரர் வந்தா லைனச் சுத்தி வழி விடுங்க.


படுவான்கரையார்

மகள், வலை விசயம் நூத்துக்கு நூறு சரி, நான் மொதலே சொல்லியிருக்க வேணும்.

விடுற விசயத்துக்கு நான் நினைக்கிறதச் சொல்றன். கறிக்கு அளவா உள்ளத எடுங்க, அதுல பாவம் இல்ல. ஆனா கொடுவாவில ஒரு சங்கதி இரிக்கு, அது பிறந்து வளரக்குள்ள எல்லாம் ஆண், வளந்து பெரிசாகினாப் புறகுதான் பெட்டையா மாறும். 80 செ.மீ. தாண்டினது அநேகமா பெட்டை. ஆகப் பெரியதையே தேடித் தேடிப் பிடிச்சா முட்டை போட ஆள் இரிக்காது. நம்மட ஆக்கள் பெரிய கொடுவாக்குத்தான் நல்ல விலை எண்டு பாக்கிறம், அது வயித்துப்பாடு, அத நான் பிழை சொல்ல மாட்டன். பொழுதுபோக்குக்குப் போறவன் அதச் செய்யக் கூடாது. நடுத்தரத்தக் கறிக்கு எடு, பெரிசையும் குஞ்சையும் விடு. விடுறதெண்டா கல்லாத்துத் தம்பி சொன்ன மாதிரி, கெதியா இழுத்து, தண்ணிக்குள்ள வச்சே ஊக்கக் கழட்டி, கை நனைச்சுப் பிடிச்சு விடுங்க, சூடேறின மத்தியானத்துல பிடிக்கவே வேணாம். ஊக்குட முள்ளக் குறட்டால நசுக்கி விட்டா மீனுக்கும் லேசு, ஒங்கட காதுக்கும் லேசு.


வாகரைப் புள்ள

அப்பாட்ட வாசிச்சுக் காட்டினன். கொடுவா மாறுறது அவருக்குத் தெரியும், பெரியதுல மட்டும்தான் சினை கண்டிருக்காராம், சின்னதுல ஒருநாளும் காணல்லையாம். விடுறதெண்டா நடுத் தண்ணியில விடாம வேர்ப் பக்கமா விடச் சொன்னார், களைச்ச மீன கொக்கும் கடற்பருந்தும் தூக்கிடுமாம்.


நாவலடியான்

எல்லாருக்கும் நன்றி, சும்மா வாயால சொல்றல்ல. நேத்து சனிக்கிழமை நாலரைக்கு எழும்பி வலையிறவால கடந்து வவுணதீவுப் பக்கம் போனன். காத்து இல்ல, தண்ணி கண்ணாடி மாதிரி. லைன் ஒட்டவே இல்ல, அண்ணன் கோயில் வீதியில காட்டித் தந்த மாதிரியே மொத முறையா லைன் நேரா விரிஞ்சு போனதக் கண்டன், அதுக்கே எனக்குக் கண் கலங்கிட்டு. கிளௌசர் வெள்ளை பச்சை, ஊக்கு முள் நசுக்கினது. கண்டல் வேர்ல ரெண்டு தரம் கொழுவி அறுந்து போச்சு, மூணாம் தரம் வேருக்கு ஒரு முழம் இங்கால விழுந்து ரெண்டு இழுப்பு இழுத்தன், பக்கெண்டு தண்ணி வெடிச்சுது. பழக்க தோசத்துல ராடத் தூக்கிட்டன், போயிட்டு. 7 மணி போல இன்னொண்டு, இந்த முற இடக் கையால இழுத்தன். கொடுவாக் குட்டி, என்ட சாணால ஒண்டரைச் சாண். தண்ணிக்குள்ள வச்சே கழட்டி வேர்ப் பக்கமா விட்டன், வால ஒருக்கா அடிச்சிட்டுப் போச்சு. எட்டே முக்காலுக்கு கச்சான் எழும்பினது, ராடக் கழட்டிட்டன்.

ரெண்டு தோணி வந்தது, ரெண்டுக்கும் லைனச் சுத்தி வழி விட்டன். ஒரு ஐயா தோணிய நிப்பாட்டி இது என்ன தூண்டல் மகன், சாட்டை மாதிரி இரிக்கு எண்டு கேட்டார், கையில குடுத்தன், ஃப்ளையத் தடவிப் பாத்திட்டு மணலைக் குஞ்சுக்கு முதுகு இன்னும் கறுப்பா இருக்கணும் எண்டு சொன்னார். அதால இனி முதுகுக்கு என்ன மயிர் கட்டலாம் எண்டு யோசிக்கிறன், இஞ்ச மான் வால் மயிருக்கு எங்க போற, ஆட்டு மயிர் சரிவருமா காக்கா?


சம்மாந்துறைக் காக்கா

சரிவரும் தம்பி. கறுத்த ஆட்டுட முதுகு மயிர், வால் பக்கத்தது இன்னும் நீளம். சவர்க்காரம் போட்டுக் கழுவி ரெண்டு நாள் நிழல்ல காய வைங்க, வெயில்ல காஞ்சா முறியும். கொஞ்சமாக் கட்டுங்க, பத்துப் பதினஞ்சு மயிர் போதும், கூடினா தண்ணிக்குள்ள தாழாது.